சதாபிஷேகப் படங்களும் ரிச்சி ஸ்ட்ரீட் ஹார்ட் டிஸ்க்கும்

அப்பா ஆயிரம் பிறை கண்டுவிட்டார். சதாபிஷேகத்தைத் திருக்கடையூரில் வைத்துக்கொள்வது என்று அண்ணன் முடிவு செய்தார். எண்பது வயதில் அப்பாவும் அம்மாவும் மாலையும் கழுத்துமாக உட்காரும் காலைப் பொழுதை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. அதனால் படங்களைக் காப்பாற்றி, ஜெர்மனியில் நான் வசிக்கும் ஹனோவர் வரை கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அந்தப் பொறுப்பு என்னை ஹார்ட் டிஸ்க் கடை, ஸ்டூடியோ, டேட்டா ரெக்கவரி என்று பல படிகள் ஏறி இறங்க வைத்தது. ஊருக்குப் போகக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்பதால் எங்கே என்ன சேவை கிடைத்தது என்று எழுதுகிறேன்.

முதல் கேள்வி, டிஸ்க்கை எங்கே வாங்குவது. ஹார்ட் டிஸ்க் வாரன்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கு அல்லது வட்டாரத்துக்கு மட்டுமே செல்லும். ஆகவே ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கப்போகும் டிஸ்க்கைச் சென்னையிலும், என்னோடு திரும்பி வரும் எஸ்.எஸ்.டி.யை (சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் வகை) ஜெர்மனியிலும் வாங்கினேன். இரண்டும் வெவ்வேறு கம்பெனி. ஒரே கம்பெனியின் ஒரே மாடலை இரண்டாக வாங்கினால் அதில் இருக்கும் கோளாறும் இரட்டையாக வரும். 2023-ல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வகை எஸ்.எஸ்.டி.கள் சில திடீரென்று மூச்சை நிறுத்துவதாகப் புகார்கள் கிளம்பி, அப்போதைய தாய்க் கம்பெனியான வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபர்ம்வேரில், அதாவது சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில், திருத்தம் கொடுக்க வேண்டி வந்தது. எஸ்.எஸ்.டி.க்குள் சுற்றும் தட்டு இல்லை, கீழே விழுந்தாலும் தாங்கும் என்பதெல்லாம் சரிதான். அதற்காக அது மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மெட்ரோவில் போனால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதுமே நெரிசல் ஆரம்பித்துவிடும். பாதிக் கடைகள் மாடியில். பெயர்ப் பலகையைப் பார்ப்பதை விட, உள்ளே நுழைந்ததும் அவர்கள் கேட்கும் கேள்வியைப் பாருங்கள். ‘பில்லோடவா, பில் இல்லாமயா?’ என்று கேட்ட கடையிலிருந்து உடனே வெளியே வந்துவிட்டேன். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த பில் கையில் இல்லாவிட்டால், நாளை டிஸ்க் போனதும் அண்ணன் யாரிடம் போய் நிற்பார்?

அடுத்த கடையில், வாங்கியதும் இங்கேயே செருகிப் பார்க்க வேண்டும் என்றேன். “கம்பெனி வாரன்டி இருக்கு மேடம், ஏதாவதுன்னா சர்வீஸ் சென்டர்ல மாத்திக் குடுப்பாங்க” என்று கையை விரித்தார்கள். வாரன்டி மாற்றிக் கொடுப்பது டிஸ்க்கைத்தான். அதற்குள் இருக்கும் அப்பா அம்மாவை எந்த சர்வீஸ் சென்டரும் மாற்றிக் கொடுக்காது. மாடியில் ஒரு சின்னக் கடையில் இருந்த பையன்தான் சரியாகப் பேசினான். “பில் போட்ட பிறகுதான் சீல் பிரிப்பேன் மேடம். ஆனா இங்கயே செக் பண்ணிட்டுப் போங்க, சரியில்லன்னா இப்பவே வேற பீஸ் தர்றேன்.” நியாயமான பேச்சு. 2 டிபி (டெராபைட்) டிஸ்க் ஒன்றுக்குப் பில் போடச் சொன்னேன்.

கவுண்டரில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் என் லேப்டாப்பிலேயே இருந்தது. டிஸ்க்கைச் செருகியதும் அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை முறை ஆன் ஆகியிருக்கிறது என்று காட்டும். புதுச் சரக்கு என்றால் மணிக்கணக்கு பூஜ்யம், அல்லது அதற்கு மிக அருகில் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது யாரோ ஓட்டிய டிஸ்க். பெட்டி மட்டும்தான் புதிது. கூடவே 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர் (தட்டில் தகவல் எழுதும் சின்னப் பகுதி), சந்தேகத்தில் நிற்கும் செக்டர், படிக்கவே முடியாத செக்டர் என்பவற்றின் கணக்கு அவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பிறகு சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். இந்திய வாரன்டி, தேதியோடு வந்தது. அந்தப் பையன் பொறுமையாகப் பக்கத்திலேயே நின்றான். நடுவில் வந்த இன்னொரு வாடிக்கையாளருக்கும் இதையே செய்து காட்டினான்.

2 டிபி என்று வாங்கியது கம்ப்யூட்டரில் 1.8 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ன் மடங்கில் எண்ணுகிறது. உண்மையான ஏமாற்று வேறு. நம்ப முடியாத மலிவு விலையில் ‘16 டிபி எஸ்.எஸ்.டி.’ என்று விற்கிறார்களே, அவற்றைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டுதான் ஒட்டியிருக்கும். கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதைத் தயார் செய்திருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகும் காப்பி ஆவது போலவே காட்டும். போட்ட படங்கள் மட்டும் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் முழு டிஸ்க்கிலும் எழுதித் திரும்பப் படிக்கும் சோதனை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் நான் வசிக்கும் ஹனோவரிலிருந்து வெளிவரும் ஒரு கணினி இதழ் இலவசமாகத் தந்தது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 இருக்கிறது. டிஸ்க் முழுவதையும் நிரப்பி, எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று படித்துப் பார்க்கும். நொடிக்கு 100 எம்பி வேகம் என்று வைத்தாலும் 2 டிபி-க்கு எழுத ஐந்தரை மணி நேரம், படிக்க இன்னொரு ஐந்தரை. கும்பகோணத்தில் அண்ணன் வீட்டுக்குப் போன அன்றே ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஓட விட்டேன். காலை டிபனுக்கு உட்கார்ந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. விசேஷத்துக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். படங்கள் வந்த பிறகு அதற்கு நேரமும் இருக்காது, டிஸ்க்கில் காலி இடமும் இருக்காது.

அந்த ராத்திரியில் ஊர் நிலவரத்துக்கே உரிய சில விஷயங்கள் தெரிந்தன. அண்ணன் மகன் தன் டெஸ்க்டாப்பின் முன்பக்க யுஎஸ்பி ஓட்டையில் டிஸ்க்கைச் செருகிவிட்டு, “அத்தை, டிக் டிக்னு சத்தம் வருது, டிஸ்க் போச்சா?” என்று ஓடி வந்தான். போகவில்லை. இந்தச் சின்ன டிஸ்க்குகள் முழுக்க யுஎஸ்பி வழியே வரும் 5 வோல்ட் கரண்டில்தான் சுற்றுகின்றன. பழைய யுஎஸ்பி 2 ஓட்டை 500 மில்லிஆம்பியர்தான் தரும், யுஎஸ்பி 3 ஓட்டை 900 தரும். கரண்ட் போதாவிட்டால் தட்டு வேகம் பிடிக்காமல் மறுபடி மறுபடி முயலும். அந்தச் சத்தம்தான் அது. பின்பக்கத்தில் மதர்போர்டோடு சேர்ந்த ஓட்டையில் செருகியதும் அடங்கிவிட்டது. கூட வரும் கேபிளும் முக்கியம். டிஸ்க் பக்கத்து முனை அகலமாக, நடுவில் ஒரு வெட்டு விழுந்தது போல இருக்கிறதே, அந்தக் கேபிள் சின்ன ஊர்களில் கேட்டதும் கிடைக்காது. உபரியாக ஒன்று ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே வாங்கி வைத்திருந்தேன்.

வெக்கையும் ஒரு பிரச்சினை. போர்ட்டபிள் டிஸ்க் பலவற்றுக்குக் கம்பெனி சொல்லும் வெப்ப வரம்பு 35 டிகிரி. கோடையில் கும்பகோணத்து மாடி அறை சாயங்காலமே அதைத் தாண்டிவிடும். ரப்பர் உறையைக் கழற்றி, எவர்சில்வர் தாம்பாளத்தில் டிஸ்க்கை வைத்து, ஃபேனுக்கு நேர்கீழே நகர்த்தினேன். ஐம்பதைத் தொட்டிருந்த உள்வெப்பம் நாற்பதுகளின் தொடக்கத்துக்கு இறங்கியது.

பிறகு கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் சாயங்காலம் வரை வராத நாள் உண்டு. முந்தின நாள் பேப்பரிலும் தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் அறிவிப்பு வந்துவிடும் என்பதால் அது சமாளிக்கக் கூடியது. சொல்லாமல் ஒரு நொடி போய் வருவதுதான் ஆபத்து. இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைப்பில் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத வேண்டும் என்று டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்திருந்தால், காப்பி நடுவில் அறுந்தால் கோப்புப் பட்டியலே குலைந்துபோக வாய்ப்பு அதிகம். பேட்டரி உள்ள லேப்டாப்பில் மட்டும் காப்பி செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

விசேஷம் நல்லபடியாக நடந்தது. படமும் வீடியோவும் எடுத்தவர்கள் கும்பகோணத்து ஸ்டூடியோக்காரர்கள். தொழில் தெரிந்த பையன்கள். இப்போதெல்லாம் ஸ்டூடியோக்களில் வழக்கமாகச் சொல்வதையே அவர்களும் சொன்னார்கள்: ‘எல்லாம் வேணும்னா ஹார்ட் டிஸ்க் நீங்களே குடுத்துடுங்கக்கா.’ கொடுத்தேன். மறுநாள் போனபோது, “காப்பி ஆயிடுச்சுக்கா. நாளைக்கு முகூர்த்தம் இருக்கு, கார்டை ஃபார்மேட் பண்ணிடவா?” என்று கேட்டார் அந்தத் தம்பி. நான் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். டெராகாப்பி, ஃப்ரீஃபைல்சிங்க் போன்றவற்றில், கோப்பின் பெயரையும் அளவையும் மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தையே இரண்டு பக்கமும் படித்து ஒப்பிடும் வசதி உண்டு. நேரம் பிடிக்கும் வேலை. அந்தத் தம்பி டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

ஒரு வீடியோ கோப்பு ஒத்துவரவில்லை. அளவு சரியாக இருந்தது, உள்ளே மாறியிருந்தது. ஓட்டிப் பார்த்தோம். பேரப்பிள்ளைகள் சல்லடையைப் பிடிக்க, அப்பா அம்மா தலையில் கலச நீர் விழுகிற இடம். நீர் விழ ஆரம்பித்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பச்சைப் பட்டைகளாக நின்றது. கார்டில் இருந்த மூலம் நன்றாகவே ஓடியது. கார்டு ரீடர்தான் காரணம் என்று பட்டது. வேறு ரீடரில் போட்டுக் காப்பி செய்ததும் இரண்டும் ஒத்துப்போயின. அந்தத் தம்பி முகம் வெளிறிப்போய் ரீடரை அப்போதே குப்பைக் கூடையில் போட்டார். அடுத்து, முந்தின வாரம் எடுத்த இரண்டு கல்யாணங்களையும் அதே முறையில் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார். யாரும் சொல்லாமல் அவராகவே செய்தது அது. இந்தப் பயணத்தில் எனக்குப் பெரிய மதிப்பை உண்டாக்கிய சேவை அதுதான்.

ஆன்லைனில் ஏற்றிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். ப்ரீபெய்டு சிம்மில் ஒரு நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபி. கேமரா பதிந்தபடியே இருக்கும், 28 எம்பி அளவுள்ள ரா படங்கள் என்றால் எழுபத்தைந்து ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். அண்ணன் வீட்டு ஃபைபர் இணைப்பு 40 எம்பிபிஎஸ் வேகத்தில், அதாவது நொடிக்கு 5 எம்பி, மேலே ஏற்றியது. அந்த வேகம் குறையாமல் இருந்தாலே 300 ஜிபி-க்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொறுக்கி எடுத்த ஜேபெக் படங்களை மட்டும் ராத்திரிகளில் ஏற்றினேன். அவசரத்துக்கு அது போதும்.

மதுரையில் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருந்தது. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை, வெளியே கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கேமரா, கார்டு, எஸ்.எஸ்.டி. மூன்றும் ஒரே பையில் இருந்தால் அந்த ஒரு டோக்கனில் எல்லாமே அடங்கிவிடும். கேமராவைக் கவுண்டரிலும், எஸ்.எஸ்.டி.யை லாட்ஜ் அறையில் பூட்டிய பெட்டியிலும், கார்டுகளை என் பர்ஸிலும் வைத்தேன். கவுண்டர் ஊழியர்கள் கேமராவை வாங்கிப் பத்திரமாக வைத்துப் பத்திரமாகவே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் பஸ், ரயில், கார், லாட்ஜ் என்று எங்கே போனாலும் பிரதிகள் பிரிந்தே இருக்க வேண்டும். காரில் டிக்கி உடைபட்டால் போவது ஒரு பிரதியாக இருக்கட்டும்.

சென்னைக்குத் திரும்பியதும் சித்தி மகனுடைய பழைய டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு ரெக்கவரி கடைகளுக்கு அலைந்தோம். ஓடிக்கொண்டிருக்கும்போது மேஜையிலிருந்து விழுந்தது. அவன் பெண்ணின் முதல் நான்கு வருஷப் படங்கள் அதில் மட்டும்தான். முதல் கடையில் ‘டேட்டா வரலன்னா காசு வேணாம்’ என்று சொல்லிக்கொண்டே மேஜை மேல் வைத்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கையைப் பிடித்து நிறுத்தாத குறைதான். தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருப்பது நானோமீட்டர் கணக்கிலான இடைவெளி. தெருப் புழுதி பறக்கும் அறையில் மூடியைத் திறந்தால் மிச்சமிருப்பதும் சிராய்ந்து போய்விடும். ‘காசு வேணாம்’ என்பது அவருக்கு நஷ்டமில்லாத வாக்குறுதி.

இரண்டாவது கடைக்காரர் டிஸ்க்கை ஒரு முறைதான் செருகினார். சத்தத்தைக் கேட்டதும் உடனே பிடுங்கிவிட்டார். “ஹெட் போயிருக்கு சார். க்ளீன் ரூம் இல்லாம திறக்கக் கூடாது, எங்கிட்ட அது இல்ல. லேபுக்கு அனுப்பணும், புது டிஸ்க் வாங்குற காசைப் போலப் பல மடங்கு ஆகும். அதுவரைக்கும் திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்காதீங்க” என்றார். பணம் எதுவும் வாங்கவில்லை. சித்தி மகன் அந்த டிஸ்க்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். காசு சேர்த்து அனுப்பப்போகிறான்.

திரும்பும்போது டிஸ்க்கையும் எஸ்.எஸ்.டி.யையும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். எக்ஸ்ரேயால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பெட்டிகளைத் தூக்கிப் போடும் அடிதான் ஆகாது. உபரி கேமரா பேட்டரியும் பவர் பேங்கும் எப்படியும் கையில்தான் வர வேண்டும், இவையும் கூடவே வரட்டும். அண்ணனிடம் இருக்கும் டிஸ்க்கை ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுத்துச் செருகி, நாலைந்து வீடியோக்களை முழுதாக ஓட்டிப் பார்க்கும் வேலையை அண்ணன் மகன் ஏற்றிருக்கிறான். ஹனோவருக்கு வந்து எஸ்.எஸ்.டி.யை மறுபடி முழுதாக ஒப்பிட்டு, வீட்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்த பிறகே என் கேமரா கார்டுகளை ஃபார்மேட் செய்தேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று: ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் கடை திறந்த கையோடு, முழு சார்ஜில் உள்ள லேப்டாப்போடு போங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் கவுண்டரில் சோதித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.