கல்லூரி திறக்கும் முன்: செமஸ்டர் பாடமா, பிளஸ் ஒன் கணக்கா?

பொறியியலில் இடம் உறுதியானதும் பலர் முதல் செமஸ்டர் புத்தகங்களை வாங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமே வேறு. வாங்கிய புத்தகம் வீணாகலாம்.

உதாரணத்துக்கு, அண்ணா பல்கலைக்கழகத்தின் முந்தைய 2021 பாடத்திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் கணக்குத் தாளில் ஐந்து அலகுகள் இருந்தன. முதல் அலகு அணிகள். பிளஸ் டூவில் படித்தது நினைவில் இருப்பதால் தானாகப் படித்தாலும் ஓரளவு பிடிபடும். அடுத்து வகை நுண்கணிதம், கடைசியில் பன்மடித் தொகையிடல். இங்கேதான் சிக்கல்: வகையிடலும் தொகையிடலும் அறிமுகமாவது பிளஸ் ஒன்னில். அதை மேலோட்டமாகக் கடந்தவருக்குப் புதுப் புத்தகம் எவ்வளவு புரட்டினாலும் ஏறாது.

எனவே பழைய பாடத்தைச் சரிசெய்வதே மேல். பதினொன்றாம் வகுப்புக் கணிதம், இரண்டாம் தொகுதி: எல்லை, வகையிடல், தொகையிடல் அத்தியாயங்கள். தினம் ஒன்றரை மணி நேரம், மூன்று வாரம். தீர்வை மூடிவைத்து எடுத்துக்காட்டுக் கணக்கைப் போடுங்கள். வெறுமனே வாசித்தால் புரிந்த மாதிரிதான் இருக்கும், கை ஓடாது. தடுக்கியதைக் குறித்து, இரண்டு நாள் கழித்து மறுபடி போடுங்கள். சங்கிலி விதியும் பகுதித் தொகையிடலும் யோசிக்காமல் வர வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே டெரிவேட்டிவ், இன்டக்ரல் என ஆங்கிலச் சொல்லையும் எழுதிக்கொண்டால் வகுப்பில் திணற வேண்டாம்.

பைத்தான் என்ற நிரல்மொழி மட்டும் விதிவிலக்கு. பள்ளியில் கணினி அறிவியல் எடுக்காதவர்கள் அதை முன்கூட்டியே தொடங்கலாம், தட்டச்சு செய்து ஓட்டிப் பார்த்தபடி. வரி தொடக்கத்து இடைவெளி பிசகினாலே நிரல் நின்றுவிடும். அது ஏட்டில் படித்து வருவதில்லை.