கெட்டியாக்கும் தூள் இரண்டு வகை, 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று: டர்பன் தமிழ் அடுக்களைக்கு எது உதவும்?

பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் பெரியவரை வீட்டுக்கு அனுப்பும்போது, "தண்ணி, டீ எல்லாத்தையும் கெட்டியாக்கிக் கொடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு கெட்டி, எதை வைத்து அளப்பது என்பதெல்லாம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருக்கிற மகளின் தலையில் விழுகிறது. அவர் மருந்துக்கடைக்குப் போனால் அலமாரியில் பல டப்பாக்கள் இருக்கும். லேபிள் எத்தனை இருந்தாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் இரண்டே இனம்: பதப்படுத்திய மாவுச்சத்து, ஸாந்தன் கம் என்னும் பிசின். இந்த மதிப்பீடு ஒரு குறிப்பிட்ட பிராண்டைப் பற்றியதல்ல. அந்த இரண்டு இனங்களையும், கூடவே வாங்கியாக வேண்டிய ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சையும் பற்றியது. எங்கள் தீர்ப்பு: பெரும்பாலான பெரியவர்களுக்கு ஸாந்தன். ஆனால் சிரிஞ்ச் இல்லாத வீட்டில் எந்தத் தூளும் குருட்டு வைத்தியம்தான்.

முதலில், தூள் என்ன செய்யும், என்ன செய்யாது. மெல்லிய நீர்மம் வேகமாக ஓடுவதால், குரல்வளை மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுகிறது. கெட்டியாக்கினால் ஓட்டம் தாமதப்படும், தொண்டைக்கு அவகாசம் கிடைக்கும். இதை நிமோனியாவுக்குத் தடுப்பூசி போல நினைப்பவர்கள் உண்டு, தொழிலில் இருப்பவர்களிலும் கூட. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, மறதிநோயோ பார்க்கின்சனோ உள்ள 515 பேரை மூன்று மாதம் பின்தொடர்ந்தது. மோவாயைத் தாழ்த்தி மெல்லிய நீர்மம் குடித்தவர்களுக்கும் கெட்டியாக்கிய நீர்மம் குடித்தவர்களுக்கும் இடையே நிமோனியாவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. மாறாக, கெட்டியாகக் குடித்தவர்களிடம் நீர்வறட்சி, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் இவை கூடுதலாகக் காணப்பட்டன. கெட்டியான தண்ணீரை யாரும் ஆசையாகக் குடிப்பதில்லையே. ஆகவே விழுங்குதலை முறையாகப் பரிசோதித்து, இன்ன நிலை என்று எழுதித் தராமல் தூளை வாங்க வைப்பது சரியல்ல.

நிலை என்றால் இப்போது பல நாடுகளில் ஐ.டி.டி.எஸ்.ஐ. அளவுகோல்தான், நீர்மமும் உணவும் எவ்வளவு கெட்டி என்று எண்ணால் சொல்லும் சர்வதேச அளவுகோல். 0 முதல் 7 வரை எட்டு நிலை. நீர்மத்துக்கு 0 முதல் 4, உணவுக்கு 3 முதல் 7. 'நெக்டர்', 'ஹனி' என்ற பழைய பெயர்கள் சில டப்பாக்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்பிக் கலக்காதீர்கள். ஒருவர் வீட்டுத் தேன் இன்னொருவர் வீட்டுத் தேன் மாதிரி இருக்காது.

இனி சிரிஞ்ச். மூன்றில் மிக மலிவானது இது, எங்கள் கணக்கில் மிக உயர்ந்த மதிப்பெண்ணும் இதற்குத்தான். எல்லா 10 மி.லி. சிரிஞ்சும் ஆகாது. திருகுப்பூட்டு இல்லாத நேரான முனை வேண்டும். 0 கோட்டிலிருந்து 10 மி.லி. கோடு வரை அளவுகோல் வைத்துப் பார்த்தால் 61.5 மி.மீ. இருக்க வேண்டும். குட்டையாகவும் குண்டாகவும் இருக்கும் சிரிஞ்சில் நீர்மம் வேறு வேகத்தில் இறங்கும், நிலை தப்பாகத் தெரியும். உள்தண்டைக் கழற்றிவிட்டு முனையை விரலால் அடையுங்கள். இன்னொரு சிரிஞ்சாலோ சிறு மூக்குக் குவளையாலோ 10 மி.லி. கோடு வரை நிரப்புங்கள். விரலை எடுத்த நொடியில் கடிகாரம் தொடங்க வேண்டும், 10 விநாடியில் மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே மிச்சம் 1 மி.லி.க்குக் குறைவு என்றால் நிலை 0. 1 முதல் 4 மி.லி. என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8-க்கு மேல் நின்று கொஞ்சமாவது வழிந்திருந்தால் நிலை 3. ஒரு சொட்டும் இறங்கவில்லை என்றால் நிலை 4 ஆக இருக்கலாம், அப்போது சிரிஞ்சை வைத்துவிட்டு முள்கரண்டியிலும் கரண்டியிலும் எடுத்துச் சோதிக்க வேண்டும். குடிக்கக் கொடுக்கும் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். ஆறின டீயைச் சோதித்துவிட்டுச் சூடான டீயைக் கொடுத்தால் சோதனைக்கே பொருளில்லை.

தப்பு எங்கே நடக்கும் என்பதற்கு ரசம் போதும். வடிகட்டாத ரசத்தில் ஒரு சீரகத் துணுக்கோ தக்காளித் தோலோ சிரிஞ்ச் முனையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓட்டம் பாதியில் நிற்கும், உள்ளே 6 மி.லி. மிச்சம் தெரியும். 'நிலை 2 வந்துவிட்டது' என்று நினைத்துக் கொடுத்தால், வாய்க்குள் போவது வெறும் தண்ணீர், அதோடு ஒரு துணுக்கு. அதனால் மெல்லிய துணியில் வடித்து, மேலே மிதக்கும் தாளிப்பு எண்ணெயை எடுத்துவிட்டு, அதன் பிறகே தூள். சோதனையை இரண்டு மூன்று முறை செய்து எண்கள் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அடைப்பு காரணமாக இருக்கலாம்.

மாவுச்சத்துத் தூளைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் முதல் கேள்வி: "அதுவும் மக்காச்சோள மாவுதானே, வீட்டில் மைசினா இருக்கிறதே?" நியாயமான கேள்வி. மைசினா பச்சை மாவு. கொதிக்க வைத்தால்தான் கெட்டிப்படும், ஆறின ஜூஸில் போட்டால் அடியில் போய்ப் படியும். டப்பாவில் வருவது ஏற்கெனவே வேகவைத்து உலர்த்திய மாவுச்சத்து, அதனால் குளிர்ந்த நீரிலும் பிடிக்கும். விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் மூன்று குறைகள் உண்டு. முதலாவது, கலந்த பிறகும் அது இறுகிக்கொண்டே போகும். காலையில் நிலை 2 ஆகக் கலந்த டம்ளர் அரை மணி நேரம் மேசையில் நின்றால் நிலை 3 ஆகிவிடலாம். அதை மறுபடி தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டினால் எந்த நிலை என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது குறை எச்சில். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டி நீர்க்க வைக்கும். கரண்டியால் ஊட்டி, அதே கரண்டியை மறுபடி டம்ளருக்குள் விட்டால், பாதி டம்ளருக்கு மேல் குடிப்பது கெட்டியாக இருக்காது. பார்வைக்கு இது சட்டென்று தெரியாது, இருமல்தான் காட்டிக்கொடுக்கும். மௌன மூச்சேற்றம் உள்ளவருக்கு, அதாவது நீர்மம் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் உணராதவருக்கு, அந்த இருமலும் வராது. ஆகவே மாவுச்சத்துத் தூள் பயன்படுத்தும் வீட்டில் சிறு கிண்ணத்தில் நான்கு ஐந்து வாய் அளவு மட்டும் ஊற்றி ஊட்டுங்கள். மூன்றாவது குறை சர்க்கரை நோயாளிக்கு. நிலை 2-க்கே 100 மி.லி.க்கு 4, 5 கிராம் தூள் போகும். நாள் முழுக்கக் குடிக்கும் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். அவ்வளவும் மாவுச்சத்து, இன்சுலின் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும்.

ஸாந்தன் தூளுக்கு இந்தக் குறைகள் பெரும்பாலும் இல்லை. அமைலேஸால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஒருமுறை நிலைபெற்றால் பல மணி நேரம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், சூட்டுக்கும் குளிருக்கும் அதிகம் மாறாது. நீரைக் கலங்கலாக்காததால் தண்ணீர் தண்ணீராகவே தெரியும், வாயில் மாவு ருசியும் வராது. நிலை 2-க்கு 100 மி.லி.க்குச் சுமார் 1 முதல் 2 கிராம் போதும். டப்பா விலை அதிகம் என்று தள்ளிவிடுவதற்கு முன் ஒரு டம்ளருக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போடுங்கள். வித்தியாசம் நீங்கள் நினைத்ததைவிடச் சிறிதாக இருக்கும்.

கலக்கத் தெரியாவிட்டால் ஸாந்தன் பழிவாங்கும். அசையாத நீரில் ஒரே இடத்தில் கொட்டினால், வெளியே ஈரமும் உள்ளே உலர்ந்த தூளுமாக வழவழப்பான கட்டிகள் வரும். அவை கரையாது. முள்கரண்டியால் நீரைச் சுழற்றிக்கொண்டே தூளைத் தூவுங்கள், அரை நிமிடம் வேகமாக அடியுங்கள், லேபிளில் சொன்ன நேரம் அப்படியே விடுங்கள். பால் கலந்த ரூய்போஸ் டீயில் கெட்டிப்படத் தாமதமாகும். 'இன்னும் நீர்த்தே இருக்கிறதே' என்று இன்னொரு ஸ்கூப் போடுவதுதான் பலர் செய்வது. பத்து நிமிடம் கழித்து டீ கரண்டியில் நிற்கும். பால் சேர்த்ததற்குத் தனி அளவு வேண்டும். ஒருமுறை சிரிஞ்சில் சரியாக வந்த அளவைத் தாளில் எழுதி கெட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள், அடுத்த முறை ஊகிக்க வேண்டாம். கோலா, சோடா வகைகளை முதலில் திறந்து வாயு போக விட்டுக் கலக்குங்கள், இல்லையென்றால் நுரை டம்ளரைத் தாண்டி வழியும்.

புரட்டாசியில் வரும் 'இது சைவமா?' என்ற சந்தேகத்துக்கும் பதில் சொல்லிவிடலாம். ஸாந்தன் கம் நுண்ணுயிர் நொதித்தலில் கிடைப்பது, விலங்குப் பொருள் அல்ல. டப்பாவில் அதோடு பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ந்திருக்கும், அது பொதுவாக மக்காச்சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து வருவது. சேர்மானப் பட்டியலில் வேறு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டால் விரதத்துக்குத் தடையில்லை. ஆனால் கைக்குழந்தைக்கு இந்தத் தூளை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு ஸாந்தன் கெட்டியாக்கி ஒன்றைக் கொடுத்தபின் ஆபத்தான குடல் அழற்சி கண்டதால், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இல் எச்சரிக்கை விடுத்தது.

அடுக்களையில் எல்லாவற்றுக்கும் தூள் வேண்டியதில்லை. நன்றாக வெந்த பருப்பை மிக்ஸியில் அரைத்து வடித்தால் நிலை 3 தானாகவே வரலாம். அப்படி வந்ததில் தூள் போடுவது காசைக் கரைப்பது. கவனிக்க வேண்டியது, நேரம் ஆக ஆகப் பருப்பு கீழேயும் தண்ணீர் மேலேயும் பிரியும். ஒரு வாயில் இரண்டு தன்மையும் சேர்ந்து போனால் விழுங்குவது மிகக் கடினம், ஊட்டும்போது அடிக்கடி கலக்க வேண்டும். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் கெட்டிப் பொருளாகத் தெரிந்து வாய்க்குள் உருகிவிடும், நிலை 0 தாங்காதவருக்கு வேண்டாம்.

ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் காய்ச்சும் கூழ் கொஞ்சம் நுணுக்கமான விஷயம். இங்கே பெரும்பாலும் மீலி மீல் என்ற மக்காச்சோள மாவுதான். பாட்டி 'ஒரு வாயாவது பிரசாதம்' என்று கேட்பார், மறுப்பது யாருக்கும் பிடிக்காது, மறுக்கவும் வேண்டியதில்லை. வெங்காயம், மிளகாய்த் துண்டு எல்லாம் எடுத்து வடியுங்கள். பிறகு கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வடிவம் கலையாமல் மொத்தமாக வழுக்கி விழுந்து, கரண்டியில் படலம் மட்டும் மிஞ்சினால் நிலை 4-க்கு ஆகும். கரண்டியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டால் தொண்டையிலும் அப்படித்தான் ஒட்டும், நாக்கு பலமில்லாதவருக்கு அந்த ஒட்டல்தான் ஆபத்து. சூடாக இருக்கும்போதே அமாசி (புளித்த பால்) விட்டு இளக்கி மறுபடி சாய்த்துப் பாருங்கள். ஆறினால் மேலே ஆடை கட்டும், அதை எடுத்துவிட வேண்டும். பாப் எனும் கெட்டியான மக்காச்சோளக் களிக்கும் இதே சோதனைதான், அது பெரும்பாலும் தேறாது.

மருந்து விஷயத்தில் கெட்டியாக்கும் தூள் அப்பாவி அல்ல. கெட்டியான நீரோடு விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரையத் தாமதமாகும், நிலை கூடக் கூடத் தாமதமும் கூடும். பொடித்துக் கொடுக்கலாமா என்பதை மருந்தாளுநரைக் கேட்டே முடிவு செய்யுங்கள், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. இதைவிடப் பலருக்குத் தெரியாதது, மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மேக்ரோகால் பொடியும் மாவுச்சத்துத் தூளும் சேர்ந்தால் கலவை தண்ணீராகிவிடும் என்பது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.ஹெச்.ஆர்.ஏ. 2021-இல் இதை எச்சரித்தது. விழுங்கச் சிரமமுள்ள முதியவர்களில் பலருக்கு மலச்சிக்கலும் இருக்கும், இரண்டு டப்பாவும் ஒரே மேசையில்தான் இருக்கும்.

விழுங்குதலைப் பரிசோதித்து நிலையை எழுதித் தரும் பேச்சு சிகிச்சையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவின் மருத்துவத் தொழிலர் மன்றமான ஹெச்.பி.சி.எஸ்.ஏ. விதிப்படி ஆண்டுக்கு 30 தொடர்கல்விப் புள்ளி, அதில் குறைந்தது 5 அறநெறி, மனித உரிமை, மருத்துவச் சட்டம் பற்றியவை. கெட்டியாக்கும் தூள் பற்றி நடக்கும் பயிற்சிகளில் புள்ளிக்காக உட்கார்ந்திருக்கலாம், கையில் சிரிஞ்ச் பிடிக்கவும் பழகலாம். தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் சொல்வோம்: வந்தவர்கள் ஒவ்வொருவரும் பால் டீ, வடிகட்டிய ரசம், ஜூஸ் மூன்றையும் தாங்களே கலந்து, சோதித்து, குடித்தும் பார்க்கிறார்களா? நிலை 3 தண்ணீரை அரை டம்ளர் குடித்துப் பார்த்தவர் அடுத்த நோயாளிக்கு அதை எழுதித் தருவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார். தூள் வேண்டாம் என்று மறுக்கும் நோயாளியின் உரிமை பற்றிய விவாதமும் இருந்தால் அறநெறிப் புள்ளிக்கு அதுவே தகும். தூள் விற்கும் கம்பெனி நடத்தும் பயிற்சியானால் இந்தப் பகுதி பொதுவாக விட்டுப்போகும்.

வாங்கும்போது ஸ்கூப் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கம்பெனி ஸ்கூப்பை இன்னொரு டப்பாவில் போட்டு அளந்தால் கணக்கு கெடும். முதலில் சிறிய டப்பா வாங்கிப் பழகுங்கள். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் ஈரக் கரண்டி ஒருமுறை உள்ளே போனாலே தூள் கட்டி தட்டிவிடும். அதைச் சலித்துப் பயன்படுத்தினால் ஸ்கூப்பில் ஏறும் எடை மாறிப்போகும். மூடியில் திறந்த தேதியை எழுதி, அடுப்பருகே வைக்காமல் உலர்ந்த அலமாரியில் வையுங்கள்.