பீரோவில் வைக்கும் கோப்புகளுக்கு ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

மடிக்கணினிக்குள் எதைப் பொருத்துவது என்பதில் இன்று விவாதத்திற்கு இடமில்லை. நகரும் பாகங்களின்றி சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி, சாட்டா என்ற பழைய இணைப்பு வகையில் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும், என்விஎம்இ என்ற புதிய வகை அதையும் பல மடங்கு தாண்டும். சுழலும் தட்டில் எழுதும் ஹார்டு டிஸ்க் 200 எம்பியை எட்டினாலே அதிகம். ஓடும்போது கைதவறி விழுந்தால் தாங்கவும் தாங்காது. ஒரே கொள்ளளவுக்கு அது மலிவு என்பதும் தெரிந்ததே.

ஸ்கேன் செய்த குடும்பப் புகைப்படங்களையும், விஎச்எஸ் கேசட்டிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோக்களையும் பத்திரப்படுத்த வேண்டி வந்தபோது, வேகமும் எடையும் எனக்குப் பொருட்டாக இருக்கவில்லை. நகலெடுத்து பீரோவில் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் தொடாமலிருந்தால் எது தாங்கும் என்பதையே பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கையே வாங்கினேன்.

எஸ்எஸ்டி பயன்படுத்தும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு செல்லும் (மிகச் சிறிய சேமிப்பு அலகு), மின்கடத்தாப் படலம் சூழ்ந்த சிறு இடத்தில் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதன் மூலமே தகவலைக் காக்கிறது. டிஎல்சி என்ற ஃபிளாஷ் வகையில் ஒரு செல்லில் 8 மின்னேற்ற நிலைகளையும், மலிவான க்யூஎல்சியில் 16 நிலைகளையும் பிரித்தறிய வேண்டும் என்பதால், சிறிதளவு எலக்ட்ரான்கள் கசிந்தாலும் ஒரு நிலை அடுத்ததாகப் படிக்கப்படலாம். கசிவை வெப்பம் விரைவுபடுத்தும். எழுதி எழுதித் தேய்ந்த செல்லில் அது இன்னும் கூடும். சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டு உபயோக எஸ்எஸ்டியிடம் கேட்பது, எழுதும் வரம்பு முழுவதும் தீர்ந்த பின், மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே. புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுங்காலம் தாங்கும். ஓராண்டில் எல்லாம் அழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மே மாத மதுரையில் மாடி அறை பீரோ 30 டிகிரியில் நிற்காது.

ஹார்டு டிஸ்க்கில் தகவல் காந்தத் திசையாகப் பதிவதால், அதைக் காக்க மின்னேற்றம் தேவையில்லை. பழுதாகும்போதும் அது பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்: டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (சிறு சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கை ஏறும், கோப்பு திறக்கத் தாமதமாகும், சில சமயம் டிக் டிக் என்ற ஒலி கேட்கும். எஸ்எஸ்டியை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் செயலிழந்தால் கணினிக்கு அந்த டிஸ்க்கே தெரியாமல் போய்விடலாம். எச்சரிக்கையின்றி நின்றுவிடும் ஹார்டு டிஸ்க்குகளும் உண்டு. நகரும் பாகங்கள் நெடுநாள் ஓடாமலிருப்பதும் நல்லதல்ல. என் அனுபவம் யுஎஸ்பியில் இணைக்கும் 2.5 அங்குல டிஸ்க்குகளோடு நிற்கிறது. நாள் முழுதும் ஓடும் சர்வர்களுக்கு இந்த முடிவை அப்படியே நீட்டிக்க மாட்டேன்.

எதை வாங்கினாலும் ஒரே நகலை நம்பக் கூடாது. இரண்டு டிஸ்க்குகளில் எழுதி, ஒன்றை உறவினர் வீட்டில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டையும் இணைத்து, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சமை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பென்டிரைவும் மெமரி கார்டும் இதே ஃபிளாஷ் வகையே என்பதால், அவற்றை இந்த வேலைக்கு நான் ஏற்பதில்லை.