வைத்தியத்துக்கு 4 ஸ்டார், பேச்சுக்கு 1

மதுரையில ஒரு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரி, பேர் வேணாம். எங்க பெரிய மாமாவ அங்க ஐசியூல வச்சிருந்தோம், நிமோனியால ஆரம்பிச்சு செப்சிஸாகி, அதாவது கிருமித் தொத்து உடம்பு முழுக்க பாதிச்சு, கிட்னி வரைக்கும் போயிருச்சு. வைத்தியத்துல குறை சொல்ல மாட்டேன், நர்ஸுங்க நல்லா பாத்துக்கிட்டாங்க, படுக்கைப்புண் கூட வரல. எங்ககிட்ட பேசுனதுதான் சரியில்ல.

காலைல கிட்னி டாக்டர் வந்து டயாலிசிஸுக்கு அப்புறம் கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய ரத்தக் கழிவு) இறங்கிருக்கு, ஸ்டேபிள்னுட்டு போயிருவாரு, அத்தை உடனே எல்லாருக்கும் போன் போட்டு பரவால்லயாம்னு சொல்லிரும். சாயங்காலம் இன்னொருத்தர் வென்டிலேட்டர்ல ஆக்சிஜன் ஏத்திருக்கோம் பாப்போம்னு லிஃப்ட் பக்கம் நடந்துக்கிட்டே சொல்லுவாரு. அவங்கவங்க உறுப்ப அவங்கவங்க பாத்துட்டு போறாங்க, ஆளு பொழைப்பாரா மாட்டாரான்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஃபார்மசி பில்லுல நார்அட்ரினலின் தெனம் கூடிக்கிட்டே போனத பாத்துட்டு நர்சிங் படிச்ச எங்க சித்தி பொண்ணுதான் சொன்னா, இது பிபி நிக்காதவங்களுக்கு ஓட்டுறதுன்னு. பில்லு சொன்னத டாக்டர் சொல்லிருக்கலாம்ல?

ஒரே ஒரு நைட் டூட்டி டாக்டர், சின்ன பொண்ணு, பேச்சுக்குக் குடுத்த அந்த 1 ஸ்டாரும் அவங்களுக்குத்தான். சேர இழுத்துப் போட்டு அத்தை பக்கத்துல உக்காந்து "அம்மா, மருந்துக்கு உடம்பு கேக்கல, பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிருங்க"ன்னாங்க. அத்தை அழுது ஓஞ்சு "அவருக்கு வலிக்குமா"ன்னு கேட்டதுக்கு, மயக்கத்துக்கு மருந்து ஓடுதும்மா, வலி தெரியாம பாத்துக்குறோம்னு பொறுமையா சொன்னாங்க. அப்புறம்தான் துபாய்ல இருக்க பையன் டிக்கெட்டே போட்டான். அப்பாவ ஃப்ரீசர் பாக்ஸ்லதான் பாத்தான்.

விடியக்காலைல போயிட்டாரு. வந்த மொத போன் பில்லிங்ல இருந்து, பேலன்ஸ் கட்டுனா பாடி தருவாங்களாம். மனித உரிமை ஆணையம் 2018ல போட்ட நோயாளி உரிமை சாசனத்துல பணத் தகராறுக்காக உடல புடிச்சு வைக்கக் கூடாதுன்னு இருக்குன்னு தம்பி சொன்னதும் கொரலே மாறிருச்சு.

அங்க சேக்குறவங்க வர்ற டாக்டரயெல்லாம் தொரத்தாதீங்க, மெயின் கன்சல்டன்ட்கிட்ட டைம் வாங்கி உக்காந்து, பொழைக்க வாய்ப்பு இருக்கா இல்லயான்னு நேரா கேளுங்க. கேஸ் ஷீட் காப்பி வேணும்னா எழுதிக் குடுங்க, கேட்ட 72 மணி நேரத்துல தரணும்னு 2002 மெடிக்கல் கவுன்சில் விதியிலயே இருக்கு. ரெக்கார்ட்ஸ் ரூம்ல நாளைக்கு வாங்கன்னு இழுப்பாங்க, குடுத்த லெட்டரோட காப்பில சீல் வாங்காம நகராதீங்க.