ஒரே கப்பலில் வந்த சால்மனும் டிரவுட்டும்

1864-இல் லண்டனிலிருந்து மெல்போர்னுக்குக் கிளம்பிய நார்ஃபோக் கப்பலின் பனிக்கட்டி அறையில் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளே ஈரப்பாசிக்கு நடுவே மீன்முட்டைகள். வெயில் கொளுத்தும் நிலநடுக்கோட்டைத் தாண்டியும் முட்டை உயிரோடு இருக்கப் பாசியும் பனியும்தான் காரணம். அதற்கு முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன.

சால்மன் முட்டைகள் சுமார் ஒரு லட்சம். ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிரிட்டிஷ்காரர்கள் கேட்டதும், பணம் கொட்டியதும் இதற்காகத்தான். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவின் பிளென்டி ஆற்றங்கரைக் குளங்களில் குஞ்சு பொரித்தது, வளர்ந்தது, கடலுக்குப் போனது. அப்புறம் திரும்பவே இல்லை.

பழுப்பு டிரவுட்டோ சில ஆயிரம் முட்டைகள்தான், கூடவே ஏற்றிவிட்டது. அது நன்னீரிலேயே வாழ்ந்து முட்டையிடும், கடலை நம்பியிருக்கவில்லை. சில ஆண்டுகளில் டாஸ்மேனிய ஆறுகளில் பெருகியது. 1867-இல் அங்கிருந்து நியூசிலாந்துக்கும் போனது.

தூண்டில்காரர்களுக்கு டிரவுட் வெற்றி. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. செதிலே இல்லாத, விரல் நீளமுள்ள உள்ளூர் கேலக்சியாஸ் மீன்களை அது தின்று தீர்த்தது. அவற்றில் ஒரு வகையான கிளாரன்ஸ் கேலக்சியாஸ் இன்று டிரவுட் எட்டாத சில நீர்நிலைகளில்தான் தாக்குப்பிடிக்கிறது. தோற்றுப்போன சால்மனால் அந்த ஆறுகளுக்கு இந்தக் கேடு நேரவில்லை.