பெட்டியில் 16,000, உள்ளே இரும்புத் துண்டு

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, சென்னை ரிச்சி தெருவில் 1,150 ரூபாய் கொடுத்து ஒரு கேமிங் மவுஸ் வாங்கினேன். கத்திரி வெயில் முடிவதற்குள் அது குப்பைக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டது. பணம் திரும்பி வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. அடுத்து இதே மாதிரிப் பெட்டியைக் கையில் எடுக்கப் போகிறவருக்காக எழுதுகிறேன்.

நாற்பத்தேழு வயதில் கேமிங் மவுஸ் எதற்கு என்று என் மனைவியும் கேட்டாள். பிறர் கணக்கை எழுதிப் பிழைப்பவன் நான். எக்செல் தாளில் காலையிலிருந்து மாலை வரை கிளிக் செய்துகொண்டேயிருப்பேன். இரவில் ஒரு மணி நேரம் அக்கா மகனோடு இணையத்தில் விளையாட்டு. அவன்தான் சொன்னான்: "மாமா, கேமிங் மவுஸாகப் பார்த்து வாங்குங்கள். பட்டன் சீக்கிரம் போகாது. கட்டைவிரல் பக்கம் இரண்டு பட்டன் கூடுதலாக இருக்கும், உங்கள் வேலைக்கும் உதவும்." பையன் சொன்னதில் பிழை இல்லை. வாங்கியவன் புத்திதான் மேயப் போய்விட்டது.

கடைக்காரர் பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் படித்துக் காட்டினார்: 16,000 டிபிஐ, ஐந்து கோடி கிளிக் தாங்கும் பட்டன், ஏழு வண்ண விளக்கு. டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அம்புக்குறி திரையில் எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு. பிறகு மவுஸைக் கையில் கொடுத்து, "கனத்தைப் பாருங்கள் சார், மட்டமான பொருள் இப்படிக் கனக்குமா?" என்றார். பித்தளைப் பாத்திரம் வாங்கும்போது அம்மா தூக்கிப் பார்த்துத்தான் விலை பேசுவார். அந்தப் பழக்கம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது. மயங்கிவிட்டேன்.

பில் கேட்டேன். "பில் போட்டால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேரும் சார். வாரண்டி கார்டில் சீல் வைத்துத் தருகிறேன், ஒரு வருடத்துக்கு அதுவே போதும்" என்றார். 207 ரூபாய் மிச்சம் என்று மனக்கணக்குப் போட்டுத் தலையாட்டினேன். ஊருக்கெல்லாம் வரிக் கணக்கு எழுதுகிறவன் செய்த காரியம் இது. சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் அளவு பார்த்தேன். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை என் கை 17 சென்டிமீட்டர். மவுஸின் நீளம் 13. உள்ளங்கை முழுவதையும் மேலே சாய்த்துப் பிடிப்பவர்களுக்கான உடல் அது. நான் விரல்களை மடக்கி, நுனியால் நகர்த்துகிறவன். சமையலறைத் தராசில் வைத்தால் 148 கிராம். கடையில் ஒரு முறை தூக்கும்போது பெருமையாகத் தெரிந்த கனம், நாளெல்லாம் தூக்கித் தூக்கி வைக்கும்போது தண்டனையாக இருந்தது. வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் மேசைமேல் வைத்து நகர்த்திப் பார்த்திருந்தால் இது அங்கேயே தெரிந்திருக்கும்.

மேலே பூசியிருந்த ரப்பர் பூச்சு ஏப்ரலிலேயே பிசுபிசுத்தது. சென்னைப் புழுக்கத்துக்கும் வியர்வைக்கும் அந்தப் பூச்சு ஆகாது. வெறும் பிளாஸ்டிக்கே மேல்.

மே மாதம் இடது பட்டன் ஒரு முறை அழுத்தினால் இரு முறை அழுத்தியதாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது. பட்டனுக்கு அடியில் இருக்கும் சுவிட்சில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. அது தொடும்போது நுண்ணளவில் துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமலிருக்க மவுஸ் சில மில்லி விநாடி பொறுத்திருக்கும். தகடு தளர்ந்தாலோ, தொடுமுனையில் களிம்பு ஏறினாலோ துள்ளல் நீண்டு, ஒரு கிளிக் இரண்டாகிவிடும். இழுத்துக்கொண்டு போகும் கோப்பு பாதி வழியில் கை நழுவும். ஒரு வாடிக்கையாளரின் விற்பனைக் கணக்கு இப்படி வேறொருவரின் கோப்புறைக்குள் விழுந்து, அரை நாள் தேடினேன். உலோகத் தொடுமுனைக்குப் பதில் ஒளியால் இயங்கும் சுவிட்சுகளில் இந்தத் தொல்லை இல்லை. அதையும் பின்னால்தான் படித்தேன்.

கடைக்குப் போனேன். சீல் தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். "ஆனால் பில் இல்லையே சார்" என்றார். பில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய்.

வீட்டுக்கு வந்து, அடியில் ஒட்டியிருந்த வழுக்குத் துண்டுகளைப் பெயர்த்து, திருகாணிகளைக் கழற்றித் திறந்தேன். உள்ளே பசை போட்டு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு, 45 கிராம். அம்மாவின் பாத்திரக்கடை நுணுக்கத்தை நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். சுவிட்சுகளில் செய்தவர் பெயரே இல்லை. நகர்வை அளக்கும் சென்சார் சில்லின் எண்ணைத் தேடிப் பார்த்தால் அதன் உண்மையான உச்சம் 4,000 டிபிஐ. மீதி, ஒரு புள்ளியை நான்காகப் பெருக்கிக் காட்டும் வித்தை. அதனால்தான் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் அம்புக்குறி நினைத்த இடத்தில் நிற்காமல் தத்தித் தத்திப் போனது. அப்படியே 16,000 உண்மையாக இருந்தாலும் எனக்கு எதற்கு? அந்த அளவில் 1,920 புள்ளி அகலத் திரையைக் கடக்க மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். கை நடுங்கினாலே அம்புக்குறி சுவரில் முட்டும். நான் வேலை செய்வதும் விளையாடுவதும் 800க்கும் 1,600க்கும் இடையில்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தேன். கடைப் பெயரும் பில்லும் கேட்டார்கள். என்னிடம் இருந்தது யுபிஐ ரசீது மட்டும். அதிலும் கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனிநபர் பெயர். க்யூஆர் அட்டையைக் காட்டும்போது அதைப் பார்க்கத் தோன்றவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராததே நேர்மையற்ற வணிக முறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. இவ்வளவு வசதி இருந்தும், வாங்கியதை நிரூபிக்கும் தாள் என் கையில் இல்லை.

பெட்டியையும் பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, புகாருக்குத் தொலைபேசி எண் எல்லாம் சட்டப்படி அதன்மேல் இருக்க வேண்டும். இருந்தது ஒரே ஒரு ஸ்டிக்கர்: எம்.ஆர்.பி. 2,999. அந்த விலையைக் காட்டித்தான் 1,150ஐ மலிவாக்கினார்கள்.

இப்போது லாஜிடெக் ஜி102 வாங்கியிருக்கிறேன், பில்லோடு. 85 கிராம், 8,000 டிபிஐ, ஒரு கோடி கிளிக் என்கிறார்கள். டிபிஐயும் கிளிக்கும் பழைய பெட்டியில் இருந்த எண்களில் பாதியைத் தாண்டவில்லை. மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது. கடையிலேயே கணினியில் செருகி, ஒரு கோப்புறையை முப்பது முறை ஒற்றைக் கிளிக் செய்து, திறந்துகொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். விற்பவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

அந்த இரும்புத் துண்டை வீசவில்லை. மின்விசிறிக் காற்றில் வவுச்சர்கள் பறக்காமல் மேசைமேல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1,150 ரூபாய்க்கு ஒழுங்காக வேலை செய்யும் பாகம் அது ஒன்றுதான்.