பைகேம் நிறுவல் தோற்றால் எந்த வழி?

பைதானில் விளையாட்டுகள் எழுத உதவும் நூலகமான பைகேமை நிறுவச் சொன்னால், பைதானின் தொகுப்பு நிறுவியான பிப் சில சமயம் நூறு வரிப் பிழையைக் கொட்டும். கடைசி வரியை விட்டுவிட்டு மேலே போய், எந்தக் கோப்பை இறக்கியது என்று பாருங்கள். கோப்பின் பெயர் 'டார்.ஜீஇசட்' என்று முடிந்தால், உங்கள் பைதான் பதிப்புக்கேற்ற வீல், அதாவது அப்படியே நிறுவத் தயாரான தொகுப்பு, கிடைக்கவில்லை என்று பொருள். அதனால்தான் பிப் மூல நிரலை எடுத்து உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்ய (இயங்கும் வடிவுக்கு மாற்ற) பார்க்கிறது. பைகேமுக்கு அடிப்படையான எஸ்டிஎல் நூலகமோ சி கம்பைலரோ இல்லாமல் விழுகிறது.

பலரும் உடனே கம்பைலரை நிறுவ ஓடுகிறார்கள். எனக்கு அது கடைசி வழி. விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ் மட்டுமே சில ஜிபி இடம் பிடிக்கும். லினக்ஸில் எஸ்டிஎல்2-வோடு அதன் இமேஜ், மிக்சர், டிடிஎஃப் டெவலப்மென்ட் தொகுப்புகளும் வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது முறைக்கும். பைகேமின் உள்ளேயே கை வைப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பாடு தகும்.

பைதானில் ஒரு பதிப்பு இறங்குவது இதைவிட எளிது. பைகேம் 2.6.1-க்குப் பைதான் 3.13 வரை வீல் உண்டு. புதிய பைதானை நீக்கத் தேவையில்லை, 3.13-ஐப் பக்கத்தில் நிறுவி, அதில் ஒரு வென்வ் (புராஜெக்ட்டுக்கென்று தனியான பைதான் சூழல்) உருவாக்கினால் போதும். பாடத்திட்டமோ பழைய புராஜெக்ட்டோ பைகேமையே கேட்டால் இதுதான் சரி.

அப்படிக் கட்டாயம் இல்லையென்றால் பைகேம்-சிஇ. பைகேமின் பங்களிப்பாளர்கள் பலர் 2023-இல் பிரிந்து தொடங்கியது இது. புதிய பைதானுக்கான வீல்கள் இதில் சீக்கிரம் வருகின்றன. நிரலில் 'இம்போர்ட் பைகேம்' என்ற வரிகூட மாறாது. ஆனால் இரண்டும் ஒரே பெயருள்ள ஃபோல்டரில்தான் உட்காரும். பழையதை அன்இன்ஸ்டால் செய்த பிறகே இதைப் போடுங்கள். மறந்தால் இரண்டின் கோப்புகளும் கலந்து, புரியாத பிழைகள் வரும்.

உபுண்டு, டெபியன்காரர்களுக்கு அந்த சிஸ்டத்தின் சொந்தத் தொகுப்பு நிறுவியான ஏபிடி வழியும் உண்டு. ஒரே கட்டளை, கம்பைல் வேலை இல்லை. பதிப்பு சற்றுப் பழையதாக இருக்கலாம், சிஸ்டம் பைதானுக்கு மட்டுமே கிடைக்கும். சாதாரண வென்வுக்குள் அது தெரியாது.

நிறுவல் வெற்றி என்று வந்தும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்றால்? பிப் ஒரு பைதானுக்குப் போட்டிருக்கும், நீங்கள் இன்னொன்றை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். எந்த வழியில் போனாலும் 'பைதான் -எம் பிப்' என்று அழைத்தால் இந்தக் குழப்பம் வராது.